பாய் சொல்லி நான் அடித்த தலைப்புகள்

ஸ்பேம் பெட்டியை வாரத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்ப்பேன். இப்போது வேலை செய்யும் இடத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். குப்பைத்தொட்டியைக் கிளறுகிறேனாம். கிளறினால் என்ன கெட்டுவிட்டது? லாட்டரி விழுந்த சேதிக்கும் முடி வளர்க்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு கல்யாண அழைப்பு கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதை அங்கே போய் விழவைத்ததும் நான்தான்.

கல்மண்டபத்தில் ஒரு மாடி ஆபீஸ். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் தாள் காட்டி, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கிற ஏஜென்சி. வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பல வருஷம் அங்கே மெயில் அடித்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். இள வயதில் துறைமுக கேட்டில் நின்று லாரி நம்பரைச் சொல்லிக் கத்தி வேலை கற்றவர். கத்தாதவனுடைய லாரி பொழுது சாயும்வரை வரிசையில்தான் நிற்கும். அதனால் அவருக்கு எதையுமே மெதுவாகச் சொல்ல வராது. டீ சொன்னால்கூடக் கீழே போகிற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

மெயிலுக்கும் அதே சட்டம்தான். உள்ளே இருப்பதை நான் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், தலைப்பை மட்டும் அவர்தான் சொல்வார். "உள்ள கீறத எவம்மா படிக்கிறான்? தலைப்பு கேட்டாண்ட நின்னு கத்தணும்" என்பார். ஆங்கிலத்தில், முழுக்கப் பெரிய எழுத்தில், வெரி வெரி அர்ஜென்ட், பக்கத்தில் ஆச்சரியக்குறி மூன்று. நான் என் பங்குக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போடுவேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இப்ப ஜோரா கீது" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. தினமும் எங்களோடு எழுதிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு எங்கள் முகவரி பழகியிருந்தது, அதனால் அதெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நாங்களும் கத்தியதால்தான் சேருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

பாயின் ஒரே மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானது. ஊரில் இருப்பவர்களுக்கு அவரும் அவர் மனைவியும் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஆபீஸ் மெயில். வாட்ஸ்அப் கூடாது என்றுவிட்டார். "அதுல மீன் வெல கேக்கலாம். பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்களா?" தலைப்பை அவர் சொல்ல நான் அடித்தேன்: கிரேட் நியூஸ், ஓப்பன் இம்மீடியட்லி, டோன்ட் மிஸ். ஆச்சரியக்குறி இந்த முறை ஒவ்வொன்றுக்கும் ஐந்து. நட்சத்திரம் கேட்கவே வேண்டாம். பத்திரிகைப் படத்தைச் சேர்த்து, அவளும் பார்க்கட்டும் என்று மகளின் முகவரியையும் போட்டு, நூற்றுச்சொச்சம் பேருக்கு ஒரே தட்டில் அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

அந்த நூற்றுச்சொச்சத்தில் பாய்க்கு முக்கியமானவர் ஒருவர்தான். காசிமேட்டுக்காரர், அவரோடு ஒரே கேட்டில் கத்தியவர், பிறகு சிங்கப்பூர் போய்விட்டார். மகள் பிறந்த அன்று பாய் துறைமுகத்துக்குள் மாட்டிக்கொள்ள, அவர் மனைவியை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இந்தத் தோஸ்துதான். குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவரே. "அவன் வந்து நின்னாத்தான் எனக்குக் கல்யாணம்" என்று பாய் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் ஆயிற்று, வேறு சிலரிடமிருந்து வாழ்த்து வந்தது, அவரிடமிருந்து மட்டும் பதில் இல்லை. காலையில் வந்ததும் "சிங்கப்பூர்லேர்ந்து எதுனா வந்துதா?" என்பார். இல்லை என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார், என் முகத்தை மட்டும் பார்ப்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு போன் போடுங்களேன் பாய் என்றேன். "ஒரு தபா கூப்ட்டா அழைப்பு. ரெண்டாந்தபா கூப்ட்டா கெஞ்சறது. அவனுக்குப் பெரிய எடத்துக் காத்து அட்ச்சிடுச்சிம்மா, வுடு" என்றார். மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கும்போது மகள் ஆபீஸ் படியேறி வந்தாள். ஏதோ வேலைக்கு மனுப் போட்டிருந்தாளாம், அந்தப் பதிலைத் தேடி ஸ்பேமைத் திறந்திருக்கிறாள். "அக்கா, இத்தப் பாரேன். என் கல்யாணத்த லாட்டரிக்காரனோட சேத்து உக்கார வச்சிகீறாங்க" என்று போனை நீட்டினாள். அவளுக்குச் சிரிப்பு. நான் போனைக் கையில் வாங்கினேன். வரிசையாக இருந்த தலைப்புகளைப் பார்த்தேன். எல்லாம் பெரிய எழுத்து, எல்லாம் ஆச்சரியக்குறி, எல்லாம் உடனே திற, தவறவிடாதே. எங்களுடையதற்கும் அவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சிங்கப்பூர்க்காரர் அப்போதுதான் புது கம்பெனிக்கு மாறியிருந்தார். எங்களை அறியாத அந்த இடத்து மெஷின், கூட்டத்தோடு வந்து கூச்சல் போட்ட மெயிலைப் பார்த்ததும் ஓரங்கட்டியிருக்கும்.

போய்ச் சொன்னேன், நட்சத்திரம் போட்டது நான்தான் என்பதையும் சேர்த்து. பாய் திட்டவில்லை. மகளின் போனை வாங்கிப் பார்த்தார். "அப்போ அவனுக்குத் தெரியவே தெரியாதா? நான் இன்னான்னாவோ நெனச்சிட்டனேம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அப்புறம், முதலில் சிங்கப்பூர்க்காரருக்கு மட்டும் தனியாக அடி என்றார். தலைப்பு என்ன என்று கேட்டேன். யோசித்தார். "தோஸ்து, நம்ம பொண்ணுக்கு நிக்காஹ். அவ்ளோதான். சின்ன எழுத்துலயே போடு."

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'வரேன்டா' என்று ஒரே சொல். பாய் அதைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நிக்காஹ் அன்று தண்டையார்பேட்டை மண்டபத்தில் சிங்கப்பூர்க்காரர் பாயைக் கட்டிக்கொண்டதை நானும் பார்த்தேன். பக்கத்தில் பிரியாணித் தட்டோடு நின்றிருந்த என்னை, "இவதான் மெயில் அட்ச்சது" என்று பாய் காட்டிக்கொடுத்தார். மன்னிச்சுக்கோங்க சார், என்னால மூணு வாரம் வீணாப்போச்சு, பத்து நாள்ல டிக்கெட்டுக்கு அலைஞ்சிருப்பீங்க என்றேன்.

அவர் சிரித்தார். "அலைலியேம்மா. கல்யாணம்னு ஊர்ல இருக்கறவங்க சொன்னாங்க. அன்னிக்கே டிக்கெட் போட்டுட்டேன். இவன் கூப்புடல, சரி, வெளியே ரோட்டுல நின்னாவது அந்தக் கொழந்தைய ஒரு தபா பாத்துட்டுப் பூடலாம்னு."

பாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே ரோடு வரைக்கும் கேட்கும்படி மகளைக் கூப்பிட்டார்.