கடைக்கண்ணில் இருந்தவர்

என் கணவரை நேராகப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "இன்னா?" என்பார். ஒன்றுமில்லை என்றால், "அப்புறம் இன்னாத்துக்கு என்னையே பாத்துக்கினு கீற?" என்று சட்டைப் பொத்தானைத் தடவிச் சரிபார்ப்பார். அதனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் ஆசை தீரப் பார்த்ததெல்லாம் கடைக்கண்ணால்தான்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலை அவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டில் உட்காருவேன். அவர் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். வழியெல்லாம் தெலுங்குப் பலகைகளை எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வருவார். நான் டிரைவரைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே வருவேன். சந்திரகிரி வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவார், அதையும் விடமாட்டேன்.

மாம்பழக் கூழ் ஆலையில் எனக்கு வேலை பெல்ட் ஓரம். ஓடி வருகிற பழங்களில் அழுகலைப் பொறுக்கி வெளியே போட வேண்டும். போன சீசனில் என் இடது கைப் பக்கம் அழுகல் தப்பித் தப்பிப் போனது. நான் நின்றுகொண்டே தூங்குகிறேன் என்று சூப்பர்வைசர் தெலுங்கில் கத்தினார். எனக்கு ரோஷம் வந்தது. போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டிக்கொண்டு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பிரேமாகக் கேட்டேன். ஜன்னல் பெரிசானால் தெரு கூடுதலாகத் தெரியும் அல்லவா, அந்தக் கணக்குதான். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "எங்க உன் மூஞ்சியே காணோம்?" என்றார் அவர்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பதி பஸ் ஏறினோம். எங்கள் நடுவில் துணிப்பை இருந்தது. வழியில் பஸ் டீக்கு நின்றபோது நான் கண்ணயர்ந்துவிட்டேன், மறுபடி கிளம்பியபோதுதான் விழித்தேன். வழக்கம்போல் முன்னால் பார்த்தபடி இடது பக்கத்தைத் தேடினேன். அங்கே அவர் இல்லை. டீ குடிக்க இறங்கியவரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பதறிப்போய் எழுந்து, "வண்டிய நிறுத்துங்க, எங்க வீட்டுக்காரரு ஏறல!" என்று கத்தினேன்.

"இன்னா ஆச்சு உனுக்கு? இங்கதான கீறன்" என்று பக்கத்திலிருந்தே குரல் வந்தது.

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திருப்பதியில் இறங்கியதும் கல்யாண மண்டபத்துக்குப் போகாமல் நேரே கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்.

அங்கே சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் தப்பில்லாமல் படித்தேன். பெருமையோடு எழுந்தும் விட்டேன். டாக்டர் உட்கார வைத்து, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார். பிறகு இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் எங்காவது வெளிச்சம் மினுக்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நானோ பரீட்சையில் தேறுகிற ஆசையில் குத்துமதிப்பாக அழுத்தித் தள்ளினேன். "மள்ளி சேத்தாமம்மா" என்றாள் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட பெண். மறுபடியும் முதலிலிருந்து. தெரிந்தால் மட்டும் அழுத்தச் சொன்னாள். இரண்டாம் தடவை ஒழுங்காக உட்கார்ந்தேன். இடது கண் முறை வந்தபோது என் விரல் ரொம்ப நேரம் சும்மாவே இருந்தது. யாரும் சொல்லாமலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுத்திருக்கிறது, வலி இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொன்னார். "கண்ணாடியில் தப்பில்லை, போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிற பார்வையை அது தெளிவாக்கும். போன நரம்பை அதனால் கொண்டுவர முடியாது, மருந்தாலும் முடியாது. மேலும் போகாமல் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. ஒரு நாளும் விடக்கூடாது."

"பக்கத்துல கீறவங்கள எப்படிப் பாக்கறது சார்?" என்று கேட்டேன்.

"திரும்பிப் பாருங்கள்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

ஆலையில் என்னை டின்னுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அது எனக்குப் பெரிய குறையாக இல்லை. பஸ்ஸில்தான் தாங்க முடியவில்லை. ஒரு கை தூரத்தில் அவர் பலகை படித்துக்கொண்டு வருகிறார் என்று தெரிகிறது. திரும்பினால், "இன்னா?" உதடு அங்கேயே நின்றுபோகிறது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று இருக்கிற அந்த மனிதருக்காக நான் ஏங்கிப் போகிறேன்.

காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அவர்தான் எனக்கு மருந்து விடுகிறார். கட்டிலில் மல்லாந்து படுக்கிறேன். அவர் மேலே குனிகிறார். பாட்டில் நுனியை விட்டு அவர் கண் நகராது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோர்ப்பவர் போல இருப்பார். மூக்கு முடிகூட நரைத்துவிட்டது. நான் பார்க்கிறேன் என்பதே அவருக்குத் தெரியாது. துளி விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அதோடு சரி.

"நீயே விட்டுக்கக் கத்துக்கயேன்" என்றார் ஒருநாள்.

"கை நடுங்குதுங்க" என்றேன்.

அன்றைக்குத் திருப்பதியில் அவர் மருந்துக்கு வரிசையில் நின்றிருந்தபோதே நர்சம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். முதல் தடவையே துளி சரியாகக் கண்ணுக்குள் விழுந்தது.