ஏரிக்கரைக்கு வந்த புல்லட்

தாம்பரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் கணவருக்குத் தன் புல்லட்டின் சத்தம்தான் பெருமை. எனக்குப் பறவைகள். “காக்கா கடை வாசல்லயே கீதே, அதுக்கு பெரும்பாக்கம் ஏரி வரைக்கும் போவணுமா?” என்று கிண்டலடித்தபடியே ஒரு மார்கழி விடியலில் என்னை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

ஏரிக்கரையில் ஏறிவிட்டால் பறவை பார்க்க வரும் எங்கள் குழுவில் யாரும் சத்தம் போடக் கூடாது. கையால்தான் காட்ட வேண்டும். எப்போதும் தூரத்திலேயே நிற்கும் பூநாரைகள் அன்று கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. அப்போது பார்த்து புல்லட் சத்தம்! என்னை அழைத்துப்போக வருகிறார். பறவைகள் பறந்துவிடும், எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள் என்று உடம்பே கூசியது.

சத்தம் சட்டென்று நின்றது. ரோட்டில் வண்டியை விட்டுவர மனமில்லாமல், அந்தக் கனத்தை மேட்டில் தள்ளிக்கொண்டு, பனியிலும் வியர்க்க வியர்க்க வந்தார்.

“இன்ஜின ஆஃப் பண்ட்டேன். அதுங்க பயந்துக்கும்ல?” என்றார், கிசுகிசுப்பாக. ஒரு பறவைகூட அசையவில்லை.

பக்கத்தில் நின்ற அக்கா என் காதோடு, “யாருப்பா அவரு?” என்றார்.

“எங்க வீட்டுக்காரர்!”

என் குரலுக்குத்தான் பூநாரைகள் மொத்தமும் எழுந்து பறந்தன. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.