வெள்ளை உறை போட்ட நூலகம்

மஹ்ஜூபாவின் இடுப்பில் பதினேழு சாவிகள் தொங்கின. செஃப்ரூ ஊரின் அநாதைப் பெண்பிள்ளைகள் இல்லத்தில் எண்ணெய் வேண்டுமா, சோப்பு வேண்டுமா, கிழிந்த போர்வைக்கு மாற்று வேண்டுமா, அவள் வந்து திறந்தால்தான் உண்டு. வாசல் பலகையில் தலைவர் என்று ஸீதி மக்கியின் பெயர்தான் இருந்தது. நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஆனால் இங்கே யார் சொன்னால் நடக்கும் என்று கேட்டால் நாற்பது பெண்பிள்ளைகளும் மஹ்ஜூபாவைத்தான் காட்டுவார்கள்.

இத்தனைக்கும் அவள் துணி துவைக்கச் சேர்ந்தவள். பன்னிரண்டு வயதில் மலையிலிருந்து ஃபெஸ் நகரத்துப் பெரிய வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடம் அங்கே குப்பை கொட்டிவிட்டு, ஒரு லாரிக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஸ்பெயினுக்கு ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு போனான், லாரியும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. யாராவது அனுதாபமாக விசாரித்தால், "ஆரஞ்சு போனதுதான் நஷ்டம்" என்பாள்.

ஃபெஸ் வீட்டு வரவேற்பறை மட்டும் அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. எங்கள் பக்கத்தில் ஓரளவு வசதியான வீடு என்றால் விருந்தாளிகளுக்கென்றே ஓர் அறை இருக்கும். சுவரோரம் மெத்தை, நடுவில் கம்பளம், கண்ணாடி அலமாரியில் தேநீர்க் கோப்பைகள். வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலே முதுகில் விழும். குடும்பம் மொத்தமும் சமையலறைக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு கிடக்க, அந்த அறை மாதக்கணக்கில் பூட்டியே இருக்கும். அந்த வீட்டில் மஹ்ஜூபா தினமும் காலையில் அதைத் துடைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. அப்படி ஓர் அறை தன் பொறுப்பில் இருந்தால் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நிறைய யோசித்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் பெல்ஜியத்துக்காரர்கள் கொண்டுவந்து நூலகத்தைக் கொடுத்தார்கள்.

எல்லாம் நஸீஹாவின் வேலை. பெற்றோர் செஃப்ரூக்காரர்கள், அவள் பிறந்து வளர்ந்தது கெண்ட் நகரத்தில், வேலை மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு குளிர்காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தையில் அக்கம்பக்கத்தாரோடு நின்று, அவர்கள் ஊர் வாஃபிளும் நம் ஊர் எம்ஸெம்மன் ரொட்டியும் சுட்டு விற்றுப் பணம் சேர்த்தாள். பிறகு பதினோரு பேர் வந்து இறங்கி, மூன்று வாரம் வெயிலில் தக்காளியாகச் சிவந்து, கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள். யோரிஸ் என்ற நெட்டைத் தச்சர், ஆறு வயதுப் பிள்ளைக்கும் கை எட்ட வேண்டும் என்று இடுப்புயரத்துக்குத் திறந்த அலமாரிகள் செய்தார். அவற்றில் புத்தகங்களை அடுக்கி, உட்கார்ந்து படிக்கச் சுவரோரம் மெத்தைகளும் போட்டார்கள்.

"இந்த ஆளு சம்பளம் வாங்காமயா வேலை செய்யறாரு?" என்று மஹ்ஜூபா நஸீஹாவிடம் கேட்டாள்.

"ஆமா லல்லா. டிக்கெட்டும் அவர் காசுதான்." மரியாதைக்கு அவளை எல்லாரும் லல்லா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பொண்டாட்டி திட்ட மாட்டாளா?"

"அவதான் அனுப்பி வெச்சா. ரிட்டயர் ஆனதுலேருந்து வீட்ல அவளுக்குச் சமைக்கச் சொல்லிக் குடுக்கறாராம்."

மஹ்ஜூபாவுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊருக்குப் போகும்போது அவர்கள் அறைச் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். அதுதான் பதினேழாவது. அடுத்த வசந்தத்தில் வந்து பார்ப்போம், இது நன்றாக நடந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பையன்கள் இல்லத்திலும் ஒன்று கட்டுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நன்றாக நடக்க வேண்டுமாமே, விடுவாளா மஹ்ஜூபா? மெத்தைகளுக்கெல்லாம் வெள்ளை உறை தைத்தாள். தன் சம்பளத்திலிருந்து உள்ளூர்த் தச்சனுக்குக் கொடுத்து, யோரிஸின் அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்டாள். ஜன்னல் திரையைக்கூட வெளியாட்கள் வந்தால் மட்டுமே முழுசாக விலக்கினாள். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்து கை கழுவிய பிள்ளைகள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நின்று பார்க்கலாம். அதற்குமேல் கிடையாது.

ஸீதி மக்கி ஒருமுறை மென்று விழுங்கிக் கேட்டுப் பார்த்தார். "லல்லா மஹ்ஜூபா, பிள்ளைங்க புஸ்தகத்தைக் கையில எடுத்துப் பாக்கலாமே?"

"எடுக்கலாம். எடுத்தா கிழியும். கிழிஞ்சதைப் பாத்தா அவங்க என்ன சொல்வாங்க? இதுங்களுக்கு ஒண்ணு கட்டிக் குடுத்ததே போதும்னு போயிடுவாங்க. ஆத்துக்கு அந்தாண்ட பசங்க வாயைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?"

ஸீதி மக்கி தன் அறைக்குத் திரும்பிப் போனார்.

வசந்தத்தில் யோரிஸும் நஸீஹாவும் வந்தார்கள். மஹ்ஜூபா கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி பச்சை கஃப்தான் உடுத்தி, தட்டில் புதினாத் தேநீர் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். பூட்டைத் திறந்து, திரையை விலக்கி, ஒதுங்கி நின்றாள். ஸீதி மக்கியும் பின்னால் வந்தார், பிள்ளைகள் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அறை பளபளவென்று இருந்தது. பாராட்டு வரட்டும் என்று காத்திருந்தாள்.

யோரிஸ் முதலில் பார்த்தது கண்ணாடிக் கதவுகளை. சாவிக்காகக் கையை நீட்டினார். ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். இதுவரை யாரும் விரிக்காத புத்தகம் மொடமொடவென்று சத்தம் போட்டது. இன்னொன்று, அதுவும் அப்படியே. அவர் முகம் தொங்கிப்போயிற்று. நஸீஹாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் மஹ்ஜூபா. "எங்கேயாவது அழுக்கு இருக்கா?"

"அழுக்கே இல்லையேன்னுதான் கவலைப்படறாரு, லல்லா. பிள்ளைங்களுக்கு இது பிடிக்கலை போலிருக்கு, ஒருத்தரும் வரலை, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு கட்டணும்னு கேக்கறாரு."

மஹ்ஜூபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிடிக்கலையா? நான்தான் யாரையும் உள்ள விடலை. ஒரு வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுக் காவல் காத்திருக்கேன். ஒரு கீறல் காட்டச் சொல்லு பாப்போம்."

நஸீஹா அவளைப் பார்த்தாள், வெள்ளை உறைகளைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ லல்லா, கெண்ட்ல எங்கம்மாவும் இப்படித்தான் ஒரு ரூம் வெச்சிருக்காங்க. நாங்க ஆறு பேர் சமையக்கட்டுல நின்னுக்கிட்டே சாப்பிட்டு வளந்தோம்." அவள் அதை யோரிஸுக்கு விளக்க முயன்றாள். உட்காரக் கூடாத மெத்தைகள் உள்ள அறை என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் வாசலில் நின்ற பிள்ளைகளிடம் திரும்பி, எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று நஸீஹா வழியாகக் கேட்டார்.

எல்லாரும் மஹ்ஜூபாவின் முகத்தைப் பார்த்தார்கள். ரபாப் என்ற எட்டு வயதுக்காரி மட்டும் பின்னால் கட்டிய கையை எடுக்காமல் மோவாயால் காட்டினாள். "மூணாவது தட்டுல, அந்தப் பச்சை. அட்டையில ஒரு நரி மூட்டை தூக்கிக்கிட்டுப் போகுது. மூட்டையில என்ன இருக்குன்னு தெரியலை. தெனமும் ஒண்ணு நெனச்சுக்குவேன்."

"இன்னிக்கு என்ன நெனச்சே?" என்று நஸீஹா கேட்டாள்.

"ரொட்டி."

மஹ்ஜூபாவுக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் வந்த வெட்கம் இல்லை. ஃபெஸ் வீட்டில் அவளை வெளியே நிறுத்தியவர்கள் விருந்தாளிக்காக நிறுத்தினார்கள். இந்த அறையின் விருந்தாளிகளே இந்தப் பிள்ளைகள்தான், அவர்களைத்தான் ஒரு வருடமாக வாசலில் நிற்க வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"உள்ள வாங்கடி எல்லாரும்" என்றாள்.

ஒருத்தியும் அசையவில்லை. அவள் குரலை மெதுவாக்கி, வாங்கம்மா என்று கூப்பிட்டாள். முதல் வரிசை ஓரடி பின்னால் போனது. அவள் கற்றுக்கொடுத்ததை அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தார்கள்.

அவள் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள். ஜன்னல் பக்கத்து மெத்தைக்குப் போனாள். தானே தைத்து, தானே வெளுத்து, இஸ்திரி போட்ட அந்த வெள்ளை உறையின் நட்ட நடுவில், சர்க்கரை கொழகொழக்கும் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள். ஸீதி மக்கி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஆச்சு, கெட்டுப்போச்சு" என்றாள் மஹ்ஜூபா. "இனிமே இதுல கெடறதுக்கு ஒண்ணுமில்லை. வாங்க."

 மடை திறந்த மாதிரி நாற்பது பேரும் உள்ளே பாய்ந்தார்கள். யோரிஸ் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கண்ணாடிக் கதவுகளைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிய கண்ணாடியைத் தட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நல்ல கண்ணாடியாம்" என்றாள் நஸீஹா. "பசங்க இல்லத்து நூலகத்துல ஜன்னலுக்குப் போட எடுத்துக்கலாமான்னு கேக்கறாரு."

மஹ்ஜூபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்கட்டும். ஆனா உடைக்காம எடுத்துட்டுப் போகச் சொல்லு, அது என் காசு."

திரும்பிப் பார்த்தால், ரபாப் அந்த ஈர மெத்தையின் மேலேயே காலை மடக்கி உட்கார்ந்து, பச்சைப் புத்தகத்தை மடியில் விரித்திருந்தாள். விரல் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்தது. மூட்டையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க மஹ்ஜூபாவும் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"லல்லா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள் ரபாப், நிமிராமலே. "கொஞ்சம் நகருங்க."

மஹ்ஜூபா நகர்ந்தாள்.