கல்யாண டேப்பும் சாவு போனும்

தில்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ராஜவேலை அறியாதவர்கள் குறைவு. இரண்டே இடங்களில்தான் அவரைப் பார்க்க முடியும். ஒன்று மணமேடைக்குப் பக்கத்தில், இன்னொன்று பாடைக்குப் பக்கத்தில். மற்ற நாட்களில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு தள்ளிக்கொண்டிருப்பார். அது யாருக்கும் முக்கியமில்லை, அவருக்கும்தான்.

விழுப்புரத்துக்காரர். வேலை கிடைத்து வந்த புதிதில், இங்கே நடக்கும் கல்யாணங்களைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. நாதஸ்வரம் இல்லாமல் ஒரு கல்யாணமா? ஊரிலிருந்து ஒரு கோஷ்டியை ரயிலேற்றிக் கொண்டுவருவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. அப்படியே வந்தாலும் ஜனவரிக் குளிரில் வாசிக்கிறவருக்கு உதடு விறைத்துப் போகும். சரி, நாமாவது ஏதாவது செய்வோம் என்று ஒரு கேசட்டோடு ஆரம்பித்தார். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் டேப்லட் வந்தது. ஊஞ்சலுக்கு ஒரு வாசிப்பு, மாலை மாற்றுவதற்கு ஒன்று, தாலிக்குக் கெட்டிமேளம் என்று எல்லாவற்றையும் அளவாக வெட்டி அந்தக் ‘கல்யாண டேப்’பில் அடுக்கி வைத்திருந்தார்.

“யூட்யூப்ல எல்லாமே இருக்கே அங்கிள்” என்று எந்தப் பிள்ளையாவது வாயைத் திறந்தால் போதும், துவாரகா கல்யாணத்துக் கதையை எடுத்துவிடுவார். யாரோ ஒரு மேதாவி போனிலிருந்து நேராக யூட்யூபைப் போட, தாலி ஏறுகிற நேரத்தில் மேளம் நின்று, கழிவறை கழுவும் மருந்துக்கு விளம்பரம் வந்ததாம். சொல்லிவிட்டு அவர் சிரிக்கமாட்டார். அந்த நொடியில் தும்மலோ அழுகையோ அச்சானியமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது, அதற்குத்தானே கெட்டிமேளம்? அது பாட்டில்லை, வேலி என்பார்.

எழவு வீட்டு வேலை தானாக வந்து சேர்ந்தது. ஒரு நண்பரின் அப்பா இறந்தபோது, பதிகம் பாட ஓர் ஓதுவார்கூட இல்லையே என்று அந்த வீட்டில் புலம்பினார்கள். ராஜவேல் ஊருக்குப் போயிருந்தபோது வயதான ஓதுவார் ஒருவரை உட்காரவைத்துப் பதிவு செய்திருந்ததைத் தன் பழைய போனில் போட்டார். அன்றிலிருந்து அது ‘சாவு போன்’ ஆகிவிட்டது. அதில் வேறு எதையும் போடுவதில்லை, அதிலிருந்து யாரையும் கூப்பிடுவதுமில்லை. அவர் மனைவி பாப்பம்மாள் அதை வீட்டுக்குள் விடவேமாட்டாள். பால்கனியில் துடைப்பத்துக்கு மேலே ஓர் ஆணியில் பையோடு தொங்கும். கல்யாண டேப்பும் சாவு போனும் ஒரே பையில் போனதில்லை. ராஜவேலுக்கு அதில் பெண்டாட்டியைவிடப் பயம் அதிகம்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஷ்வேதாவின் கல்யாணத்தில் சோதனை வந்தது.

ஷ்வேதா, அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்க்கும் பாலசுப்ரமணியத்தின் மகள். இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கும் அர்ஜுன் என்ற பையனுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அர்ஜுன் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிக் குருகிராமில் வேலை பார்த்தவன். பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. ஒரு சாயங்காலம் பைக்கில் திரும்பியவன் மேல் லாரி ஏறிவிட்டது. அவன் அறை இருந்த சந்தில், மாடிப்படிக்குக் கீழே அவனைக் கிடத்தியிருந்தபோது ஓதுவாரின் பதிகத்தைப் போட்டவர் ராஜவேல்தான். அப்பா தடுத்தும் கேட்காமல் வந்து, படியோரம் நின்றுகொண்டிருந்தாள் ஷ்வேதா.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கோயிலில், சங்கத்து விழாவில், மெட்ரோவில்கூட, “பாவம், ராசியில்லாத பொண்ணு” என்றார்கள். பாவம் என்று ஆரம்பித்துப் பழி போடுவதில் நம் ஜனங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. வந்த வரன்கள் எல்லாம் விசாரித்துவிட்டு ஓடின. கடைசியில் ப்ரசன்னா வந்தான். நிதி நிறுவனத்தில் வேலை. அர்ஜுன் விஷயத்தைப் பாலசுப்ரமணியம் மறைக்காமல் சொன்னார். பையன் தெரிந்தே சம்மதித்தான். அவன் பக்கத்து ஆட்களுக்குத்தான் அரை மனசு.

கல்யாணம் ஜனக்புரியில், ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்த மண்டபத்தில். அதிகாலையிலேயே பாலசுப்ரமணியம் வந்து ராஜவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேலு, இன்னைக்கு ஒரு சின்னத் தப்புகூட வரக்கூடாதுய்யா. ஒரு விளக்கு அணைஞ்சாக்கூட எம் பொண்ணு தலையிலதான் வந்து விடியும்.”

“நீ போய் வேஷ்டிய மாத்து. நான் இருக்கேன்ல?” என்றார் ராஜவேல்.

சொன்ன வாய் இன்னும் மூடவில்லை என்கிற மாதிரிதான் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பு நல்லபடியாக முடிந்தது. மாலை மாற்றும்போது, அத்தை முறைக்காரி ஒருத்தியின் கால் ஒயரில் மாட்டி, டேப் மேஜையிலிருந்து பறந்தது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டால், ஒயரின் முனை ஒடிந்து டேப்பின் ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் நோண்டினார், கோவிந்தா! அது வரவில்லை. வேறு ஒயர் சொருக வழியில்லை. டேப்பைச் சும்மா பாடவிடலாம் என்றால் அதுவும் முடியாது. ஒயர் இன்னும் சொருகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த மூதேவி வாயைத் திறக்க மறுத்தது.

பாட்டுகளெல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. அவற்றை வேறு ஒரு போனுக்கு மாற்றினால் போதும். அந்த மண்டபத்தில் கம்ப்யூட்டர் ஏது? ப்ளூடூத்தில்தான் அனுப்ப வேண்டும். ஆனால் எந்த போனுக்கு?

மண்டபத்து ஆம்ப்ளிஃபையர் பழைய காலத்துச் சாமான், ஒயர் சொருகினால்தான் பாடும். ராஜவேல் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி ஒவ்வொரு போனாக வாங்கித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் விலை உயர்ந்த போன்கள், ஒன்றில்கூட ஒயர் சொருகும் ஓட்டை இல்லை. அவருக்கு மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போனிலும் இல்லை.

“அங்கிள், இப்ப யாரும் ஒயர் யூஸ் பண்றதில்ல” என்றாள் ஒரு பெண், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

ஓட்டை உள்ள போன் ஒன்று இருந்தது. மேலே தெருவில், அவர் ஸ்கூட்டரின் டிக்கியில். மதியம் நொய்டாவில் ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் இருந்ததால் எடுத்து வைத்திருந்தார்.

பிணத்துக்குப் பாடிய போனைத் தாலிக்குப் பாட வைப்பதா? அதுவும் இந்தப் பெண்ணுக்கா? அர்ஜுனுக்குப் பாடிய அதே போன்! மனுஷன் செய்கிற காரியமா இது? மேளமே இல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தார். மாப்பிள்ளையின் சித்தி சுபாஷிணி முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடை போட்டுக்கொண்டிருந்தார். மதுரைக்கார அம்மாள். “மேளமும் இல்லாத கல்யாணமா? இவ ராசி அப்படி” என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து விழுந்தால் போதும், ஆயுசுக்கும் அது ஷ்வேதாவைத் துரத்தும்.

பாலசுப்ரமணியத்திடம் சொல்லிவிட்டால் பாரம் பாதியாகக் குறையும். ஆனால் கேட்ட பிறகு அந்த மனிதர் எந்தக் கையால் பெண்ணைத் தாரை வார்ப்பார்? ராஜவேல் சொல்லவில்லை. படியேறிப் போய் போனை எடுத்துவந்தார். குழாயடியில் கைக்குட்டையை நனைத்து அதை அழுத்தித் துடைத்தார். கொஞ்சம் விபூதி பூசினார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரிந்தது, இருந்தும் பூசினார்.

சமையல்கட்டுப் பக்கம் பாத்திரங்களுக்கு நடுவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார். இரண்டு திரையிலும் இணைப்புக்கான ஒரே எண் வந்தது. சரி என்று இரண்டிலும் அழுத்தினார். கெட்டிமேளத்தை அனுப்பினார். நீலக்கோடு ஆமையாய் நகர்ந்து, பாதியில் நின்றது. போனில் இடம் இல்லையாம்!

ஓதுவாரின் பதிகங்களைத் தூக்கினால் இடம் கிடைக்கும். விரல் அங்கே போய் நின்றது. அந்த ஓதுவார் இப்போது உயிரோடு இல்லை, பதிவும் வேறெங்கும் இல்லை. மனசு வரவில்லை. வேண்டாத வேறு சாமான்களைத் தேடித் தேடி அழித்தார். உள்ளே குருக்களின் மந்திரம் வேகமெடுத்துக்கொண்டிருந்தது.

“அங்கிள், ஜல்தி! தாலிய ஆசீர்வாதத்துக்கு எடுத்துட்டு வர்றாங்க!” என்று முன்பு ஆறுதல் சொன்ன அந்தப் பெண் ஓடிவந்தாள்.

மறுபடி அனுப்பினார். பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்று வாய் முணுமுணுத்தது. கோடு நகர்ந்தது, நகர்ந்து முடிந்தது. மாற்று ஒயரைச் சொருகிக்கொண்டு மேஜைக்கு ஓடினார்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று குருக்கள் விரலை ஆட்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அந்த மேளம் பேய்மழை மாதிரி கொட்டியது. அட்சதை பறந்தது. ப்ரசன்னா மூன்று முடிச்சையும் போட்டான். பாலசுப்ரமணியம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது யாருக்கும் கேட்கவில்லை. ராஜவேல் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினார். கடவுளே, காப்பாற்றிவிட்டாய்.

அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். கல்யாண டேப்பில் ஒரு பாட்டு முடிந்தால் நின்றுவிடும். அடுத்தது எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்வார். சாவு போனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிணம் எடுக்கும்வரை சத்தம் அறுந்துபோகக்கூடாது என்று, ஒன்று முடிந்தால் தானாக அடுத்தது பாடும்படி அவரேதான் வைத்திருந்தார். பாட்டை மாற்றினவர் இதை மாற்ற மறந்துபோனார்.

மேளம் ஓய்ந்தது. மண்டபம் முழுக்க ஓதுவாரின் குரல் எழுந்தது.

ஒரு வரி முழுசாகப் போன பிறகுதான் ராஜவேலுக்கு உறைத்தது. ஒயரைப் பிடுங்கினார். அந்தப் பிடுங்கலில் விழுந்த அமைதி, பாட்டைவிட மோசமாக இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

சுபாஷிணி எழுந்துவிட்டார். “என்னங்க இது? எங்க பக்கம் இத எழவு வீட்டுல எடுக்கும்போதுல்ல பாடுவாக? தாலி ஏறி ஈரம் காயல, அதுக்குள்ளயா?”

பாலசுப்ரமணியத்தின் முகம் வெளுத்தது. அவருக்கு அந்தக் குரல் தெரியும். முனிர்காவில் அவரும் நின்றிருந்தாரே.

ராஜவேல் வாயைத் திறந்தார். தப்பு என்னுடையது, இது என் போன், சாவு வீட்டு போன் என்று சொல்லி எல்லோர் காலிலும் விழுந்துவிடத் துடித்தார். ஆனால் அதைச் சொன்னால், இப்போது கொட்டிய மேளமும் அதிலிருந்துதான் வந்தது என்று சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? அவர் மனச்சாட்சி சுத்தமாகும், சேறெல்லாம் அந்தப் பெண்மேல் போய் விழும்.

“நான்தான் ஆன்ட்டி போடச் சொன்னேன்.”

ஷ்வேதா. குனிந்த தலையை நிமிர்த்தியிருந்தாள்.

“நீயா? எதுக்கும்மா?”

“எனக்கு ரொம்பப் புடிக்கும். தாலி கட்டினதும் இதப் போடுங்கன்னு அங்கிள்கிட்ட நான்தான் கேட்டேன். சாமி பாட்டுதானே?”

அவள் ஒன்றும் கேட்கவில்லை என்பது ராஜவேலுக்குத் தெரியும். அவரைக் காப்பாற்றுவதற்காக, ஊர் சொல்லக் காத்திருந்த பழியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தபோது, அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ப்ரசன்னா அவளைப் பார்த்தான். பெண்ணின் முகத்தில் அவன் எதைப் படித்தானோ, மாமனாரின் வெளுத்த முகத்தில் எதைப் படித்தானோ, மேஜைப் பக்கம் திரும்பினான்.

“அச்சா, அப்ப முழுசா போடுங்க அங்கிள்.”

“டேய் ப்ரசன்னா!”

“சோடியே சித்தி, விடுங்க. அவ கேட்டிருக்கா இல்ல?”

ராஜவேலுக்கு ஒயர் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் இறங்கியது. பதிகத்தை முதலிலிருந்து போட்டார். குருக்கள் சற்றுத் தயங்கிவிட்டு, தீவலம் வர மணமக்களை எழுப்பினார். சுபாஷிணி உட்காரவே இல்லை. ப்ரசன்னா ஷ்வேதாவின் கையைப் பற்றிக்கொண்டு முன்னே நடந்தான்.

ராஜவேல் அவளிடம் கண்ணாலாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நெருப்பைப் பார்த்தபடியே சுற்றினாள். அவள் உதடுகள் அசைந்தன. ஓதுவாருக்கு அரை வார்த்தை முன்னால், ஒரு வரி பிசகாமல், முனிர்காவில் கேட்ட அந்த முழுப் பதிகமும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.