பதினோராவது வரி

சோப்புத் தொழிற்சாலையில் அவருடைய வேலை முகர்ந்து பார்ப்பது. காய்ச்சி வெட்டிய சோப்பு ஒவ்வொரு தட்டும் அவர் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். இருபது வருஷமாக அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மூக்குக்காரர்தான். அந்த மூக்கு நாலு மாதமாக அடைத்துக் கிடந்தது.

வெளியே சொன்னால் பிழைப்பு என்னாவது? பொட்டலம் கட்டும் அம்மாவிடம் ஒரு சோப்பை நீட்டி, "நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதுபோல் கேட்பார். அந்த அம்மா சொன்னதையே தன் தீர்ப்பாக எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு சோப்புகூடத் திரும்பி வரவில்லை என்பது அவருக்கு அவ்வளவு நல்ல செய்தியாகப் படவில்லை.

காரணம் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சோப்பில் வாசனை கெட்டால் சேர்மானத்தை ஒவ்வொன்றாக நீக்கிச் செய்து பார்ப்பார்கள். எதை நீக்கியதும் சரியாகிறதோ, அதுதான் குற்றவாளி. வீட்டிலும் நோட்டுப் போட்டு ஆரம்பித்தார். ஒன்று, தலையணை. ஒரு வாரம் நீக்கம், மாற்றமில்லை. பிறகு திரைச்சீலை, கம்பளி, மனைவியின் முகப்பவுடர், ஜன்னலோரச் செடிகள் என்று வீடு காலியாகிக்கொண்டே வந்தது. பத்தாவது, பூனை. மனைவி அதைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து இரண்டு நாள் பேசவில்லை. அந்த நிம்மதியிலும் மூக்கு திறக்கவில்லை.

பதினோராவது வரியை எழுதி, நோட்டை மேஜைமேல் திறந்தபடியே வைத்துவிட்டு வேலைக்குப் போனார் மகானுபாவர். அதில் 'மனைவி' என்று இருந்தது.

சாயங்காலம் வந்தால், அவள் பையோடு நிற்கிறாள்.

"ஒரு வாரமா, ரெண்டு வாரமா?"

"ஒரு வாரம் போதும். சும்மா சோதனைக்குத்தான். கோவிச்சுக்காதே."

"எனக்கென்ன கோவம்?"

அந்தக் குரலைக் கேட்டால் எந்தப் புருஷனும் பையைப் பிடுங்கி உள்ளே வைத்திருப்பான். இவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். என்ன மனுஷனோ!

வாரம் முடிந்தது. மூக்கு அப்படியேதான் இருந்தது. அவளுக்குப் போன் செய்தார்; எடுக்கவில்லை. மறுநாள் ஆறு முறை செய்தார். அப்போதுதான் பயம் பிடித்தது. அவள் அக்கா வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம், ஆனால் காரணம் தெரியாமல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? மூக்கு டாக்டரம்மாவிடம் ஓடினார்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "சளி ஒண்ணும் இல்லையே. உள்ள சதை வீங்கி மூச்சுப் பாதையை மூடியிருக்கு."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, இரண்டு மூக்கிலும் சொட்டு விட்டுக்கொண்டார். டாக்டரம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"இது எத்தனை நாளா?"

"நாலு மாசமா. சளி பிடிச்சப்ப ஆரம்பிச்சது. இது இல்லாட்டி மூச்சே விட முடியாது."

"இதனாலதான் முடியல. போட்டதும் வீக்கம் வத்தும். மருந்து வேகம் குறைஞ்சா மறுபடி வீங்கும். மறுபடி போடுவீங்க. சில நாளைக்கு மேல போடக்கூடாதுன்னு பெட்டியிலயே எழுதியிருக்குமே?"

சோப்பு உறையில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தாலும் லாரியை நிறுத்துகிறவர் அவர். ஒவ்வொரு மருந்துப் பெட்டியையும் வாங்கின அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தார்.

நேராக மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார். மனைவிதான் கதவைத் திறந்தாள், இடுப்பில் பூனையோடு.

"கண்டுபிடிச்சாச்சா?"

குப்பியை நீட்டினார். "இதுதான்."

"நோட்டுல இது இல்லையே."

"இது பையிலயே இருந்துது."

"என் பேருக்கு நேரா என்ன எழுதினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "மாற்றமில்லைன்னு."

"நான் இல்லாம ஒரு வாரம். மாற்றமில்ல."

"மூக்குக்குத்தாம்மா மாற்றமில்ல" என்றார். "எனக்கு வீட்டுக்குள்ள கால் வைக்கவே முடியல. அழுகையா வருது. அழுதா இன்னும் அடைக்குது."

அவள் சிரிக்கவில்லை. பூனையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"பிடிங்க. பையை எடுத்துட்டு வரேன்."