சிறுத்தை படுத்த வைக்கோல்

நேற்று லாரித் தார்ப்பாயை உதறும்போது, அதில் பூனை குட்டி போட்டிருந்த வாடை குப்பென்று அடித்ததும், வெள்ளைக்காரன் காலத்தில் அஸ்தம்பட்டியில் இருந்த சின்ன மிருகக்காட்சிசாலை நினைவுக்கு வந்துவிட்டது. இன்று அந்த இடமெல்லாம் வீடுகள். நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும் கரடியும், பொரி கேட்டுக் கம்பியைத் தட்டும் குரங்குகளும், ஏற்காட்டு மலையில் பிடித்த ஒரு சிறுத்தையும்தான் அங்கே கூட்டம் சேர்த்தன.

சின்னப் பையனான என்னை மாட்டுவண்டியில் அங்கே கூட்டிப்போன என் அப்பா எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. கூண்டு கழுவுகிறவரிடம் நேராகப் போனார்.

“ஏனுங்க, சிறுத்தை படுத்த வைக்கோல் ஒரு மூட்டை கிடைக்குங்களா?”

“ஊரே சிறுத்தையைப் பாக்க வருது, நீங்க அது படுக்கையைக் கேக்கறீங்க!”

“ராசிபுரத்துல காட்டுப்பன்னி எங்க கடலைக்காட்டையே உழுதுபோடுதுங்க. இந்த வாடைக்கு வராதுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். மூட்டையை வண்டியில் ஏற்றியதும் எங்கள் மாடுகள் மிரண்டு நுகத்தடியையே தள்ளிவிட்டன. கடைசியில் அப்பா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெகுதூரம் பின்னால் நடந்து வர, ராசிபுரம் வரைக்கும் வண்டியை நான்தான் ஓட்டினேன்; அந்த வயசில் வேறு எவனும் ஓட்டியிருக்க மாட்டான்.

வரப்பு முழுக்க வைக்கோலைப் பரப்பினோம். அந்த வருஷம் ஒரு பன்னிகூட வரவில்லை, கடலை தப்பித்தது. ஆனால் எங்கள் மாடுகளும் கடலைக்காட்டுக்குள் கால் வைக்கவில்லை. விளைந்த அத்தனையையும் தலைச்சுமையாகவே ஊட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். கழுத்து வலியோடு படுத்த அன்றைக்கே, வாங்கினால் மூக்கில்லாத வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இன்று வாசலில் நாலு லாரி நிற்கிறது. அதில் ஒன்று நேற்று அத்தனை பூனை வாடையோடும் முரண்டு பிடிக்காமல் திருச்செங்கோடு போய் வந்தது.