சைனப் நடத்திய சோடாப் பெட்டி லைப்ரரி

தாராவியில் எங்கள் சந்திலிருந்து மெட்ரிக் தேறிய முதல் பெண் சைனப். ஆண்களிலும் அதுவரை ஒருத்தனும் தேறியிருக்கவில்லை என்பதை அவள் வாப்பா அபுதாஹிர் யாரையும் மறக்க விடமாட்டார். தோல் ஷாப்பில் ஊறப் போட்ட தோலைப் புரட்டுகிற வேலை அவருக்கு. கை எப்போதும் கடுக்காய் நிறத்தில்தான் இருக்கும். அந்தக் கையை ஆட்டி ஆட்டி, "எம் மவ இங்கிலீசு பேப்பரைத் தலைகீழா இல்லாம நேராப் பிடிச்சுப் படிப்பா" என்பார்.

படித்துவிட்டு என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. சைனப் வீட்டில் இருந்தாள். அக்கம்பக்கத்துக்கு மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்தாள்.

சண்டை முடிந்த வருஷம், நாற்பத்தைந்தில், கோட்டும் பஞ்சகச்சமுமாக ஒருவர் என் சோடாக் கடை முன் வந்து நின்றார்.

"கலரா, சோடாவா?" என்றேன்.

"மெட்ரிக் தேறினவா யாரானும் வேணும்" என்றார்.

"அது ஸ்டாக் இல்ல. ஜிஞ்சர் இருக்கு."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பெயர் வேங்கடசுப்ரமணியன், மாதுங்காக்காரர். பம்பாய்க் கோட்டைப் பக்கம் சாயங்காலத்தில் லைப்ரரி வேலைக்கு ஒரு வகுப்பு நடக்கிறதாம். அதில் இவர் வாத்தியார். புத்தகத்தை இனம் பிரிப்பது, அடுக்குவது, வருகிறவனுக்கு ஏற்றதை எடுத்துக் கொடுப்பது எல்லாம் சொல்லித் தருவார்களாம்.

"புஸ்தகம் எடுத்துக் குடுக்க ஒரு படிப்பாவே?" என்றேன்.

"மருந்துக் கடையிலே மருந்து எடுத்துக் குடுக்கப் படிப்பு வேண்டாமா?" என்றார். "எங்க வகுப்பிலே அத்தனை பேரும் மாதுங்கா, தாதர், கிர்காம். நாளைக்குத் தாராவியிலே ஒரு லைப்ரரி வெச்சா அங்கே போய் யார் உக்காருவா? வெளியிலேர்ந்து வர்றவனுக்கு உங்க பேர்கூடத் தெரியாது. உங்களுக்கு எது பிடிக்கும்னு எப்படித் தெரியும்? இங்கேர்ந்து ஆள் எடுக்கணும்னு ஒரு வருஷமாக் கத்திண்டிருக்கேன். ஒருத்தரை மட்டும் சேர்த்துப் பாருங்கோன்னுட்டா. அந்த ஒண்ணு தேறினாத்தான் அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு பேர்."

அபுதாஹிரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து கேட்டவர் தலையைச் சொறிந்தார்.

"பொட்டப்பிள்ள தனியா ரயிலேறிக் கோட்டைக்குப் போகணுமா?"

"தனியா எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்று குறுக்கே வந்தாள் அன்னத்தாய். மாதுங்கா மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவள். வாய்க்குக் கதவே கிடையாது. "யாவாரம் முடிஞ்சதும் பிள்ளயோட போயிட்டு வாரேன். எவனாச்சும் ஏறிட்டுப் பாத்தாம்னா தராசுக் கல்லு இருக்கு."

அபுதாஹிர் மகளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே முக்காட்டைச் சரி செய்துகொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவதான்" என்றார். "தேறலன்னா, படிச்சது போதும்னு வீட்டோட இருந்துக்கணும்."

"சரி வாப்பா" என்றாள் சைனப்.

இப்படி ஆரம்பித்தது. சைனப் உள்ளே பாடம் கேட்பாள். அன்னத்தாய் மாடிப்படியில் உட்கார்ந்து, விற்காத அவரைக்காய்க்கு நார் உரிப்பாள். வகுப்பில் கூடப் படித்த பிள்ளைகள் முதலில் ஒரு பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்தார்களாம். வேங்கடசுப்ரமணியன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுவந்து அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு அங்கிருந்தே பாடம் நடத்தினாராம். மறுவாரம் பெஞ்சு நிறைந்துவிட்டது.

கடைசிப் பரீட்சை எழுத்தில் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் பேட்டையில் சின்னதாக ஒரு லைப்ரரி நடத்திக் காட்ட வேண்டும். மேலதிகாரி நேரில் வந்து பார்த்து மார்க் போடுவார். மாதுங்காப் பிள்ளைகளுக்கு வீட்டில் கூடம் இருந்தது. சைனப் வீடு ஒற்றை அறை. அதில் ஆறு பேர். என் கடையைப் பார்த்தாள்.

"பிச்சை மாமா, இந்தப் பெட்டிய ஒருச்சாய்ச்சு அடுக்கினா அலமாரி ஆயிரும்லா?"

"சோடாவ எங்கட்டி வைக்க? உங்க வாப்பா தலையிலயா?"

கேட்டேனே தவிர, பெட்டியைக் கவிழ்த்ததும் நான்தான். வேங்கடசுப்ரமணியன் மாதுங்காவில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய புத்தகம் சேர்த்துக் கொண்டுவந்தார். கதை, நாடகப் பாட்டு, சமையல், ஜுரத்துக்குக் கஷாயம், ரயில் டைம்டேபிள், குதிரை வைத்தியம் என்று எல்லாம் இருந்தது. சைனப் இனம் பிரித்து, நம்பர் ஒட்டி அடுக்கினாள். புத்தகம் வெளியே போனால் ஆள் பெயர் எழுதின சீட்டு ஒன்று தகர டப்பாவில் நிற்கும். புத்தகம் வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவாள்.

முதல் வாரம் ஒருவரும் தொடவில்லை. சைனப் சும்மா இருக்கவில்லை. குழாயடிக்குப் போனாள், தோல் ஷாப் வாசலுக்குப் போனாள். ஜமீன்தாரை யாரோ கொன்றுவிட்ட ஒரு துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டுபோய் முதல் அத்தியாயத்தை மட்டும் உரக்க வாசித்துவிட்டு மூடிவிட்டாள். அவ்வளவுதான். எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் வாசிக்க, சுற்றிப் பத்துப் பேர் கேட்க, சந்து முழுக்க அதே பேச்சு. டப்பாவில் சீட்டு நிமிர்ந்து நின்றது. என் கடையில் சோடாவைவிடப் புத்தகம் அதிகம் போயிற்று.

பரீட்சை நாளும் வந்தது. மேலதிகாரி சுந்தரராமனை அழைத்து வர, வேங்கடசுப்ரமணியனும் சைனப்பும் மாதுங்கா ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வந்தால், அங்கிருந்து நாங்கள் இரவல் வாங்கிய அண்டா, தாம்பாளம், பாய் எல்லாவற்றையும் துலக்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வருகிறவன் கண்ணுக்கு வீடு நிறைந்து தெரிய வேண்டும். அன்னத்தாய் அன்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"நம்ம பிள்ளயப் பாக்க ஆபீசர் வாராவ. பெட்டி காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? கொண்டாங்க எல்லாத்தையும்!"

புத்தகம் குவிந்தது. டப்பாவிலிருந்த சீட்டையெல்லாம் அன்னத்தாய் கிழித்துப் போட்டாள். ஒருத்தி அட்டையைச் சீயக்காய் போட்டே துடைத்திருந்தாள். அபுதாஹிர் சாம்பிராணி காட்டினார். பெட்டிகள் தேர் மாதிரி நின்றன.

அவர்களோடு வந்த சைனப் அதைப் பார்த்தாள். நேரே தகர டப்பாவுக்கு ஓடினாள்.

சுந்தரராமன் ஒரு புத்தகத்தை எடுத்தார், வைத்தார். தகர டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சீட்டு இல்லை.

"புஸ்தகம் எல்லாம் அப்படியே இருக்கே. ஒருத்தரும் தொடறதில்லையா?"

"ஒருத்தன் கைபடல சார்!" என்றார் அபுதாஹிர் பெருமையாக. "ஒண்ணு குறையாது, எண்ணிப் பாருங்க!"

"வாப்பா, சும்மா இருங்க!" என்றாள் சைனப். "நேத்துவரைக்கும் எல்லாம் வெளிய இருந்துச்சு சார்..."

"நேத்து நான் வரலையேம்மா. இன்னிக்கு என்ன இருக்கோ அதைத்தானே நான் எழுதணும்?"

வேங்கடசுப்ரமணியன் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவர் பேசினால் சிபாரிசாகிவிடும். சுந்தரராமன் பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் அன்னத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு பத்துப் பேர். அதற்கும் பின்னால் தோல் ஷாப் ஷிப்டு விட்டு வந்த கூட்டம்.

"ஐயா, கோவிச்சுக்காதீய. நீங்க எப்பம் போவீய?"

"ஏன்மா?"

"நீங்க போனாத்தான பிள்ள புஸ்தகம் குடுக்கும்? ஜமீன்தாரக் கொன்னவன் யாருன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல. கடேசி அத்தியாயம் கெடக்கு. உங்களுக்காவத்தான் பாதியில கொண்டாந்து வச்சோம்."

சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. காது இருக்குல்லா?"

"இது என்ன கூட்டம்? ரேஷனா?"

"புஸ்தகத்துக்கு, சார்" என்றாள் சைனப். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டுக்கட்டை எடுத்தாள். "வரிசையா வாங்க. இடிக்காதீங்க."

போயிற்று பாருங்கள் புத்தகம்! சுந்தரராமனை ஒருவன் தோளால் ஓரம் தள்ளினான். அவர் ஓரத்தில் நின்றபடியே அந்தத் துப்பறியும் கதையைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தவர் தன்னை மறந்து, "அட, கணக்குப்பிள்ளையா!" என்றார்.

வரிசை முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"பாவி மனுசா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அன்னத்தாய். "இதுக்கா ரயிலேறி வந்தீரு?"

"யோவ், சொல்லாதேயும்னு யாராச்சும் சொல்லப்படாதா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வேங்கடசுப்ரமணியன் கோட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சுந்தரராமன் அன்னத்தாயிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். அவள் இறங்கவில்லை. ஒரு ஜிஞ்சர் சோடா வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் மலர்ந்தாள்.

கடைசியில் பெட்டியில் குதிரை வைத்தியம் மட்டும் மிஞ்சியது.

"இது ஏன் நிக்கறது?" என்றார் சுந்தரராமன்.

"எங்க சந்துல குதிரை கிடையாது சார்" என்றாள் சைனப். "தாதர்ல கரீம் பாட்சான்னு விக்டோரியா குதிரை வண்டிக்காரர் இருக்கார். வர்ற வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல வாப்பா அவர்ட்டச் சொல்றாங்க. அவருக்குத்தான் இது."

சுந்தரராமன் பேனாவைத் திறந்து அங்கேயே எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. வேங்கடசுப்ரமணியன் எட்டிப் பார்த்துவிட்டு அபுதாஹிரின் கடுக்காய்க் கையைப் பிடித்துக் குலுக்கியபோது தெரிந்துவிட்டது.

இப்போது சைனப் செம்பூரில் ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வருஷமே எங்கள் சந்திலிருந்து, அவளுக்குப் பிறகு மெட்ரிக் தேறிய இரண்டு பேரைச் சேர்த்தார்கள். ஆள் தேடி வேங்கடசுப்ரமணியன் அலையவில்லை, சைனப்பே பிடித்துக் கொடுத்தாள். அதில் ஒருவன் சிராஜ். போன வாரம் அவனுக்குப் பரீட்சை, அதே என் சோடாப் பெட்டி லைப்ரரியில். காலையிலேயே அன்னத்தாய் என் கடை வாசலில் காவல் நின்றாள். ஒருவன் புத்தகத்தைத் திருப்ப வந்தான்.

"ஏலே, கொண்டு போல வீட்டுக்கு! ஆபீசர் போன பொறவு கொண்டா!"

குதிரை வைத்தியம்கூட வெளியே போயிருந்தது. பெட்டியெல்லாம் காலி. ரொம்ப நாளைக்கு அப்புறம் அதில் என் சோடாவை அடுக்கி வைத்தேன்.